புகை வராத பெட்டி

கதவில்லை, மூடியில்லை, பூட்டில்லை. இப்படி ஒரு பெட்டியை எந்த நல்ல மனுஷன் செய்யச் சொல்வான்? மாட்டுங்காவிலிருந்து வந்த கிட்டு சார் சொன்னார். ஏதோ ஆபீஸில் குமாஸ்தாவாம். ரிக்கார்டு போட்டால் மிருதங்கத்தின் இடப்பக்கம் வயிற்றில் வந்து அதிர வேண்டுமாம், அதற்குத்தான் இந்த ஸ்பீக்கர் பெட்டியாம். ஒரு அங்குலப் பலகை, மூட்டுக்கு மூட்டு பசை, உள்ளே பஞ்சு. காற்று ஒரு பொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று தச்சரான என் புருஷனிடம் நாலு தடவை சொன்னார். சரியாக வந்தால் அவர் சிநேகிதர்கள் நாலு பேரும் செய்துகொள்வார்களாம்.

எனக்கு அப்போதே சந்தேகம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருத்தன் முதுகுப் பலகை இரண்டு வைத்து நடுவில் இடம் விட்ட அலமாரி கேட்டான். இவரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் இழைத்து இழைத்துக் கொடுத்தார். மதுவிலக்குப் போலீஸ் அதற்குள்ளிருந்து சாராயத்தை எடுத்தது. இவர் மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை என்றால் தாராவியில் எவன் இவருக்கு வேலை கொடுப்பான்?

பெட்டி முடிந்த அன்று, சார் சொன்னபடி உள்ளே ஊதுபத்தி கொளுத்தி வைத்து, முன்னால் ஸ்பீக்கருக்காக விட்டிருந்த வட்ட வாயைப் பலகையால் மூடினார். எந்த மூட்டிலும் புகை வரவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கோ பகீரென்றது. புகையே வராவிட்டால் சாராய வாசம் எப்படி வரும்?

"பாட்டு கேக்க என்னத்துக்கு வாசத்த அடைக்கணும்?" என்றேன்.

"போளா, கோட்டிக்காரி," என்று சிரித்துவிட்டுப் பஞ்சைத் திணித்து ஸ்பீக்கரை மாட்டினார்.

அவர் டீ குடிக்கப் போனதும் துரப்பணத்தை எடுத்தேன். பின்பக்கம், அடி மூலையில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டேன். ஓட்டைப் பெட்டியில் எவனும் சாராயம் ஒளிக்க மாட்டான். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகட்டும், சனியன்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடித்து சார் நேரே வந்துவிட்டார். ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதத்தை மூன்று விரலால் மெல்ல அமுக்கினார். காற்று அடைபட்டிருந்தால் அது நிதானமாகத் திரும்புமாம். இது சட்டென்று திரும்பியது. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் மூலையில் குனிந்து நின்றுவிட்டார்.

"இந்த ஓட்டை எதுக்கு? உள்ள என்னத்தை ஒளிச்சு வெச்சிருக்கே, பூலோகம்?" என்று இவரைப் பெயர் சொல்லிக் கேட்டார்.

என் புருஷன் ஓட்டையைப் பார்த்தார். என் முந்தானையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தார். அவர் திருடன் மாதிரி முழிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் போட்ட ஓட்டை, அந்த அலமாரி, மூன்று மாதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சாராயத்துக்குன்னு நெனச்சிட்டேன் சார். இவிய மறுபடி உள்ள போயிரக் கூடாதுன்னுதான்."

ஜெயிலுக்குப் போனதை இவர் சாரிடம் சொல்லியிருக்கவில்லை. சார் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னார். இவர் கழற்றினார். சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பஞ்சைப் பிடிபிடியாக வெளியே போட்டார். உள்ளே கைவிட்டு நாலு மூலையும் தடவினார். மற்ற நாலு பெட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

இவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். போலீஸ் வந்து வீட்டைக் கிளறிய அன்றைக்கும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றார். அன்றைக்கு இவரை நிற்க வைத்தவன் எவனோ. இன்றைக்கு நான்.