தூங்காத எஸ்கிலும் விழிக்காத வெர்னரும்

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் எஸ்கில் ட்ராஹோல்ம் தன் பழைய மோட்டார் சைக்கிளில் தேவாலயத் தெருவைக் கடந்தபோது, இருபுறமும் சுவிட்ச் போடாத விளக்குகளெல்லாம் எரிந்தன. ஃப்யூஸ் போன பல்புகளும் சேர்ந்து எரிந்தன. பேக்கரியில் அலங்காரத்துக்காக வைத்திருந்த, ஒயரே இல்லாத வானொலிப்பெட்டி, என்றோ செத்துப்போன அறிவிப்பாளர் ஒருவரின் குரலில் மீனவர்களுக்கான வானிலையைச் சொன்னது. டென்மார்க்கின் மோர்ஸ் தீவுக்காரர்கள் சட்டென்று வாயைப் பிளக்கிறவர்கள் அல்ல. ‘இந்த வருஷம் வெளிச்சம் சீக்கிரம் வந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டுக் காப்பியைத் தொடர்ந்தார்கள். எஸ்கில் மட்டும் ஹேண்டில்பாருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். காரணம் அவருக்குத் தெரியும். அவருடைய சீட்டுக்கு அடியில் ஒரு டூப்ளிகேட் ரெகுலேட்டர் இருந்தது.

வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் பரவாயில்லை. எஸ்கில் ஆயுள் முழுக்க எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். தீவின் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவர். ஆண்டுக் கூட்டத்தில், கம்பு ரொட்டியும் ஊறுகாய் ஹெர்ரிங் மீனும் மேஜைக்கு வருவதற்கு முன், அவர் ஒரே சொற்பொழிவைத்தான் நிகழ்த்துவார். கண்ணாடி மலிவாக இருக்கலாம், சீட் உறை மலிவாக இருக்கலாம். ஆனால் இன்ஜினிலிருந்து கண்டபடி வரும் மின்சாரத்தை, அணையின் மதகு மாதிரி, பேட்டரிக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிற ரெகுலேட்டரில் மட்டும் டூப்ளிகேட் வாங்காதீர்கள் என்பார். பின்வரிசையில் இருப்பவர்கள் அவரோடு சேர்ந்து உதட்டை அசைப்பார்கள். அப்படிப்பட்டவர், தன் வண்டியின் ரெகுலேட்டர் கருகிய அன்று ஒரிஜினலின் விலையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இணையத்தில் மலிவான ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். பார்சலைக் கழிவறையில் வைத்துப் பிரித்தார். கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவரே படம் போட்டுக் காட்டியிருந்த அதே தப்பு.

இதில் இன்னொரு வெட்கமும் இருந்தது. மூன்று வருஷம் முன்பு அவருடைய ஆத்ம நண்பர் வெர்னர் பிஸ்கோர் இதே சாமானைத்தான் போட்டிருந்தார். சங்கத்தின் சுற்றுலாவில் வண்டி நடுவழியில் நின்றது. எஸ்கில் எல்லார் முன்னிலையிலும் அந்த ரெகுலேட்டரைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, “இது ரெகுலேட்டர் இல்லைங்க, வெண்ணெய் டப்பா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெர்னர் சிரிக்கவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அதன்பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. எஸ்கில் பலமுறை தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு முறையும், முதலில் கூப்பிட வேண்டியவன் வெர்னர்தான் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மிதமிஞ்சிய மின்சாரம் வண்டியோடு நிற்கவில்லை. அது எஸ்கிலுக்குள் இறங்கியது. அவருக்குத் தூக்கம் போயிற்று. மண்டையில் மிச்சமிருந்த நாலு முடியும் விறைத்து நின்றன. பூனை அண்டை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. எஸ்கில் தன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். கை அடங்காமல், கேட்காமலேயே பக்கத்து வீட்டுக்கும் அடித்தார். மனைவி ஹெல்கா தோட்ட வேலைக்கான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் அவருக்குக் காப்பி நீட்டினாள்.

“உன்னைத் தொட்டா ஷாக் அடிக்குது, தொடாட்டிப் பேசியே கொல்றே,” என்றாள் அவள். “அந்தச் சனியனைக் கழட்டித் தொலையேன்.”

கழற்றினார். உதிரிப்பாகக் கடைக்காரி டாக்மாரிடம், யாரோ நண்பனுக்கு என்று சொல்லி, ஒரிஜினல் வாங்கிப் போட்டார். வண்டி குணமாயிற்று, அவர் ஆகவில்லை. நடந்து போனாலும் தெருவிளக்கு எரிந்தது. கோடைக்காலத்து நெருப்பு கொளுத்தும் திருவிழாவுக்குள் சட்டை தொளதொளத்துவிட்டது. டாக்டர் இதயத்துடிப்பை அளக்கிற கருவியை அவர் மார்பில் வைத்தார். முள் ஓரத்துக்குப் போய் வளைந்துகொண்டது. இப்படியே போனால் இலை உதிர்வதைப் பார்க்க மாட்டீர்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஊரெல்லாம் எர்த் கம்பி இழுத்துவிட்டு எனக்கு ஒன்று இழுத்துக்கொள்ளவில்லையே என்று வீட்டுக்கு வரும் வழியில் எஸ்கில் தன்னைத்தானே நக்கலடித்துக்கொண்டார். பிறகு ஒரு வேலியோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். கண்ணீர் விழுந்த இடத்தில் புல் பொசுங்கியது.

டாக்மார்தான் விஷயத்தை உடைத்தாள். “நண்பனுக்குன்னு சொன்னியே, எந்த நண்பன்? உனக்கு இருந்தது ஒருத்தன். அவன் வீட்ல விளக்கே எரியறதில்ல, தெரியுமா?”

எஸ்கிலுக்குத் தெரியாது. வெர்னர் உள்ளே வந்தால் கடிகாரம் மெல்ல ஓடும், அவர் ஏறிய அன்று ஃபெக்கசுண்ட் நீரிணையைக் கடக்கிற படகின் இன்ஜின் நடுநீரில் அடங்கிவிட்டது, வீறிடும் குழந்தைகளைத் தாய்மார்கள் அவர் வாசலுக்குத் தூக்கிப்போய் உறங்கவைத்துக்கொண்டு வருவார்கள் என்பதெல்லாம் தீவு முழுக்கத் தெரிந்திருந்தது. கொடுப்பதற்குப் பதில் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கிற அந்த டூப்ளிகேட்டின் குறை மூன்று வருஷமாக அவரைத் தின்றது. இப்போது ஒரு முட்டையைத் தின்று முடிக்கிற நேரம் மட்டும் விழித்திருந்தார். சில நாள் முட்டை பாதியிலேயே நின்றது.

எஸ்கில் அன்றே போனார். அவர் கேட்டைத் திறந்ததும் இருண்ட வீடு பளிச்சென்றது. நாற்காலியில் கிடந்த வெர்னர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“தலைவரா? சொற்பொழிவுன்னா நாளைக்கு வா. தூக்கமா வருது.”

எஸ்கில் பையிலிருந்த டூப்ளிகேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெர்னர் அந்தத் தப்பெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கண்ணும் திறந்தது.

“வெண்ணெய் டப்பா!”

“ஆமா.”

“நீயாடா வாங்கின?”

“நானேதான்.”

“எங்க வச்சுப் பிரிச்ச?”

“கக்கூஸ்ல.”

“நானும் அங்கதான்டா பிரிச்சேன்!” வெர்னர் நாற்காலி ஆட ஆடச் சிரித்தார், சிரிப்பு பாதியில் கொட்டாவியாகி, கழுத்து சாய்ந்தது.

எஸ்கில் பதறிப்போய், “டேய், தூங்காதடா! அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை நான் அப்படி...” என்றார்.

“அதெல்லாம் அப்புறம். கையைக் குடு முதல்ல,” என்று முனகினார் வெர்னர்.

கைகள் தொட்டதும் நீலப்பொறி பறந்தது. வெர்னரின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. எஸ்கில், “என்னை மன்னி...” என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்காமலே சமையலறைத் தரையில் சரிந்து குறட்டைவிட்டார். வெர்னர் அவருக்கு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, வெளியே போய் மூன்று வருஷத்துப் புல்லை வெட்டினார்.

ஆனால் பிரிந்தால் சாயங்காலத்துக்குள் ஒருவர் பொங்கினார், மற்றவர் வற்றினார். ஒரே போலிக் கம்பெனியின் இரண்டு ரெகுலேட்டரில் ஒன்றுக்கு அள்ளிக் கொடுக்கவும் இன்னொன்றுக்குப் பிடுங்கவும் மட்டுமே தெரிந்திருந்தது. நியாயமான அளவு எது என்பது இரண்டுக்குமே தெரியவில்லை. பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கிற கேபிளின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாக இடுப்பு பெல்ட்டில் கவ்வவிட்டால் வேலை நடக்கிறது என்று கண்டுபிடித்தது டாக்மார்தான். அன்றுமுதல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கேபிள் எட்டுகிற தூரத்தில் வண்டி ஓட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று முன்கூட்டியே ஒத்துப்போக வேண்டியிருந்தது. அந்த வயதில் அது லேசில்லை. சர்க்கரை பீட்ரூட் வயலில் ஒருதரம் விழுந்தார்கள், பன்றிப் பண்ணைச் சாக்கடையில் ஒருதரம். படகில் அவர்களை ஒரே வண்டி என்று கணக்கிட்டு ஒரே சீட்டுக் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் பதவியை எஸ்கில் விட்டுவிட்டார். யாரும் வற்புறுத்தித் தடுக்கவில்லை.

பனிக்காலம் வந்து வண்டிகளைக் கொட்டகையில் போட்டதும், தனியே இருந்த வெர்னரை ஹெல்கா தன் வீட்டுக்கே வரச்சொன்னாள். அவரைப் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். கேபிள் போக வழி இல்லாததால் இரண்டு நாள் கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தார்கள், குளிர் தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஹெல்கா துளையிடும் இயந்திரத்தை எடுத்துவந்து சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கேபிளை விட்டாள். பிறகு ரப்பர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.