கூடப்பிறக்காதவள்

பதிவாளர் அம்மாள் பொறி வைத்தெல்லாம் கேட்கவில்லை. மேசை விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்த காகிதங்களை முழங்கையால் அமுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "உங்கள்ல யாரு மூத்தவங்க?" என்றுதான் கேட்டார். எதிரே திருமணத்துக்குப் பதிவு செய்ய வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் சின்னவள், இருபத்தைந்து வருடப் பழக்கம் நாக்கைத் தள்ளிவிட, பக்கத்தில் இருந்தவளைக் கையால் காட்டி, "அக்காதாங்க" என்றாள்.

பதிவாளர் இப்போது நிமிர்ந்தார். "அக்கான்னா?"

"சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்றதுதாங்க. யாரைப் பார்த்தாலும் அக்கான்னுதானே கூப்பிடறோம். உங்களைக்கூட அக்கான்னு கூப்பிடலாம்."

"என்னைக் கட்டிக்க வரலையே நீங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவாளர் இருவருடைய காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் தகப்பன் பெயர் ஒன்றாகவே இருந்தது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் அவள். மாணவன் எதிரே வரும் லாரியைப் பார்த்துவிட்டுப் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் வழக்கமாக அப்படி மூடுவாள். வேலைக் குணத்தில், பயிற்சிக் காரில் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதுபோல, வலது கால் மேசைக்கு அடியில் தரையை அழுத்தமாக ஒரு மிதி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்த நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. சாட்சிக்கு என்று கூட்டி வரப்பட்ட கீழ்வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். ஓய்வு பெறும்வரை நீதிமன்ற வாசலில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிடும் வேலை பார்த்தவர். மூன்றாம் மாடியில் இருந்து கூப்பிட்டால் தெருமுனைத் தேநீர்க் கடையில் இருக்கும் கைதியும் கான்ஸ்டபிளும் சேர்ந்து எழுந்து நிற்பார்கள் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 'ஒரு கையெழுத்துப் போடணும், வாங்க' என்று மட்டும்தான் சின்னவள் அவரிடம் சொல்லியிருந்தாள். வீடு சம்பந்தமான ஏதோ பத்திரம் என்று நினைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஆட்சேபணை!" என்றார்.

பணிக்காலம் முழுக்க அடுத்தவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சொல். ஒரு தடவையாவது தானும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று உள்ளே எங்கேயோ ஆசை இருந்திருக்க வேண்டும். வெளி வராந்தாவில் காத்திருந்த ஜோடிகள் எல்லாம் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பொம்பளைங்க கல்யாணம் பண்ணிக்கட்டும், சட்டம் வந்துடுச்சு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அக்காவும் தங்கச்சியுமா? இதை எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது!"

"நாங்க அக்கா தங்கச்சி இல்லங்க" என்றாள் பெரியவள்.

"இல்லையா?" அவர் குரல் சட்டென்று பாதியாகிவிட்டது. ஆட்சேபணையைவிட இது அவருக்குப் பெரிய அடியாக இருந்தது. "அப்ப இத்தனை வருஷமா எங்ககிட்ட சொன்னது?"

அவர் மனைவி உயிரோடு இருந்தபோது சின்னவளுக்கு வரன் பார்த்தே ஓய்ந்து போனவள். 'அக்காவை விட்டுட்டுப் போக மனசு வரலைங்க' என்று ஒவ்வொரு தடவையும் சின்னவள் சொன்னதைக் கேட்டு, 'கூடப்பிறந்த பாசம்னா இதுதான்' என்று தன் இரண்டு மகள்களையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள். அந்த மகள்கள் இப்போது ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை.

வீடு கிடைப்பதற்காகத்தான் அந்தப் பொய்யை முதலில் சொன்னார்கள். இரண்டு தனிப் பெண்கள் என்றதும் கதவு சாத்தப்படும் காலம் அது. அக்கா, தங்கச்சி என்றதும் சாவியும் கொடுத்து, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் பொய் தன்பாட்டில் வளர்ந்துவிட்டது. சின்னவள் ஆதரவற்ற குழந்தைகள் விடுதியில் வளர்ந்தவள். தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு கோடு போட்டு வந்தவள், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவளுடைய அப்பாவின் பெயரை எழுதிவிட்டாள். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, 'உங்க அப்பாவை எடுத்துக்கிட்டேன், பரவாயில்லையா?' என்று கேட்டாள். 'அவர் என்னையே வேண்டாம்னுட்டாரு. நீயாவது வச்சுக்கோ' என்றாள் பெரியவள். தெருக்கதவு வரைக்கும் 'அக்கா', மாடிப்படியின் திருப்பத்தைத் தாண்டினால் 'ஏய்' என்று வாழ்க்கை ஓடியது.

போன வருடம் பெரியவளுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றார்கள். 'தங்கச்சி' என்றதும் கதவு திறந்தது. சின்னவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்த நர்ஸ், 'அக்காவுக்கே இப்படி அழறீங்களே, நாளைக்குப் புருஷனுக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவீங்க' என்று கடிந்துகொண்டாள். மயக்கம் தெளிந்த பெரியவள் அதைக் கேட்டுச் சிரித்து, தையல் வலித்து, திட்டு வாங்கினாள். சின்னவள் சிரிக்கவில்லை. புதிய சட்டம் வந்த அன்று, டிவியை அணைத்துவிட்டு, "கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றாள்.

"இப்ப எதுக்கு? எல்லா வசதியும்தான் இருக்கே. ஆஸ்பத்திரியிலகூட உள்ள விட்டுட்டாங்க."

"உனக்குத் தங்கச்சியாவே சாக எனக்கு இஷ்டமில்ல" என்றாள் சின்னவள்.

அப்படித்தான் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பதிவாளர் காகிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் இது புதுசு. போன மாசம் வரைக்கும் கூடாதுன்னு திருப்பி அனுப்பினவங்களை இப்ப உக்காருங்கன்னு சொல்றேன். ஆனா கூடப்பிறந்தவங்களுக்கு நடத்தி வச்சேன்னா என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க. இந்த அப்பா வீட்டு ரத்த சொந்தம் யாராவது வந்து, சின்னவங்க எங்க வீட்டுப் பொண்ணு இல்லைன்னு சத்தியம் பண்ணிச் சொல்லட்டும்."

ரத்த சொந்தம் என்று மிஞ்சியிருந்தது பெரியவளின் தம்பி ஒருவன்தான். நகரத்தின் மறுகோடியில் மெத்தைக் கடை வைத்திருந்தான். விஷயம் தெரிந்து அப்பா அவளை வெளியே போகச் சொன்ன அன்று, பக்கத்தில் நின்று, 'இனிமே எனக்கு அக்காவே கிடையாது' என்று சொன்னவன். சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியும் வந்தவன். அப்பாவின் சாவுக்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. 'அவன் கடை வாசலை மிதிக்க மாட்டேன்' என்று பெரியவள் பதின்மூன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்து, பதினான்காவது நிறுத்தத்தில் சின்னவளுக்கு முன்னால் இறங்கினாள்.

கடைக்குள் நாற்காலி என்று ஒன்றும் இல்லை. எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள். அவற்றில்தான் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் பெரியவள் இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். கோபத்தோடு உட்காருவதற்கு அது தோதான இடமில்லை. தம்பிக்கு முன்மண்டையில் முடியே இல்லை. அவள் மனதில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு நிறைய முடி இருந்தது. ஒரு வாடிக்கையாளர் அடுத்த மெத்தையில் ஏறிப் படுத்து, புரண்டு புரண்டு ஸ்பிரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

சின்னவள்தான் விஷயத்தைச் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டுத் தம்பி, "நான் எதுக்கு வரணும்? எனக்கு அக்கா கிடையாதுன்னு அப்பவே சொல்லிட்டேனே" என்றான்.

"அதையேதாங்க வந்து சொல்லணும். என்னைப் பத்தி."

அவன் யோசித்தான். "உங்களை அக்கா இல்லைன்னு சொல்லணும். சரி. அப்ப அவளை?"

"அக்கான்னு சொல்லணும். ரெண்டையும் சொன்னாத்தான் எடுபடுமாம்."

அடுத்த மெத்தைக்காரர் புரளுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். தம்பி எழுந்து போய் ஒரு தலையணையைத் தட்டிச் சரியாக வைத்தான். சரியாக இருந்த இன்னொன்றையும் தட்டினான். பிறகு பெரியவளின் பக்கம் திரும்பாமலே, "அந்த மெத்தையில உக்காராத. அது நம்பிக்கையில்லாத சரக்கு, இடுப்பு போயிடும். இதுல வந்து உக்காரு" என்றான்.

"சார், நான் இப்ப இதே ரகத்தைத்தான் வாங்கலாம்னு..." என்று படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

பெரியவள் கஷ்டப்பட்டு எழுந்து, மாறி உட்கார்ந்தாள். 'வர்றேன்' என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் விசாரணை நாளன்று பதிவாளர் அலுவலகத்துக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அவன் காரை வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். கீழ்வீட்டுக்காரரும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆட்சேபித்தவன் வராமல் இருந்தால் முறையாகாது என்று அவராகவே வந்திருந்தார்.

பதிவாளர் சத்தியம் வாங்கிவிட்டுப் பெரியவளைக் காட்டினார். "இவங்க உங்க யாரு?"

தம்பி தொண்டையைக் கனைத்தான். ஒருமுறை, இன்னொரு முறை. பதிவாளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். "அக்கா" என்றான். சொல்லி நாளானதால் சொல் கரகரப்பாக வந்தது.

"சொந்த அக்காதானா? எப்படி நம்பறது?"

"எட்டாவது படிக்கும்போது என்னைச் சைக்கிள்ல வச்சுக் கிணத்துச் சுவர்ல மோதினா. இந்தத் தழும்பு பாருங்க."

"நானா மோதினேன்? நீ பின்னாடி உக்காந்து என் கண்ணைப் பொத்தின!" என்றாள் பெரியவள், தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தையாக.

"விளையாட்டுக்குப் பொத்தினா நிறுத்தணும்ல? பெரிய டிரைவர்!"

"வாசல்ல வண்டியை நிறுத்தியிருக்கிற லட்சணத்தைப் பார்த்தேன். நீ பேசாத."

"போதும், போதும், கூடப்பிறந்தவங்கதான்" என்று பதிவாளர் கையை உயர்த்தினார். பின்னால் கீழ்வீட்டுக்காரர், நம்பகமான சாட்சியம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். "இப்ப இவங்க. இவங்க உங்க அப்பாவுக்குப் பிறந்தவங்க இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்பியின் முகம் சிவந்தது. "எங்கப்பாவைப் பத்தி என்ன பேசறீங்க? வீடு விட்டா கடை, கடை விட்டா வீடு. அந்த மனுஷனுக்கு இன்னொரு குடும்பமா? எங்கம்மா ஒருத்தியையே அவரால சமாளிக்க முடியல!"

"நான் கேக்கலைங்க, சட்டம் கேக்குது."

"இவங்க அப்பாவைத் தப்பா நினைக்காதீங்க" என்றாள் சின்னவள், பதிவாளரைப் பார்த்து. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு அப்பா யாருன்னு தெரியாது. எழுதற இடத்துல வெறும் கோடுதான் இருந்துச்சு. இவ அப்பா பேரை எடுத்துப் போட்டுக்கிட்டேன். அவரை நான் பார்த்ததுகூட இல்ல. எப்படி இருப்பாருன்னு இவகிட்ட அப்பப்ப கேட்டுப்பேன்."

தம்பி அவளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சரி" என்றார் பதிவாளர். "தங்கச்சி இல்லைன்னு பதிஞ்சுக்கிறேன். தப்பாக் குடுத்ததுக்குத் தண்டம் கட்டணும். அப்பா பேரையும் அடிச்சிடறேன்."

"அடிக்காதீங்க" என்றான் தம்பி.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்கே தான் பேசியது புரியச் சற்று நேரமாயிற்று. "இல்ல... இத்தனை வருஷம் வச்சிருந்தாங்க. மகளா வேண்டாம். மருமகள்னு போட்டு அந்தப் பேர் அப்படியே இருக்கலாம்ல?"

"அதுக்கு இன்னும் சட்டம் வரலைங்க" என்றார் பதிவாளர். ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டு, எதையோ தேடுவதுபோல மேசை இழுப்பறைக்குள் வெகுநேரம் குனிந்திருந்தார்.

கோடு போடத்தான் வேண்டியிருந்தது. சின்னவள் அதைத் தன் கையாலேயே போட்டாள். பிறகு அடுத்தடுத்துக் கையெழுத்துகள் நடந்தன. கீழ்வீட்டுக்காரர் ஆட்சேபணையை வாபஸ் வாங்கி, அதே மூச்சில் சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டார். "எம் பொண்டாட்டி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தீர்மானிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டு, "நல்லா அழுதிருப்பா" என்று முடித்தார்.

அலுவலகப் புகைப்படக்காரன் இருவரையும் வெள்ளைச் சுவர் ஓரமாக நிறுத்தினான். பெரியவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சின்னவள் அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வெளியில், ஆட்கள் பார்க்க, அது அங்கே இருந்து பழக்கமில்லாததால் முதலில் விறைப்பாக இருந்தது.

"குடும்பத்து ஆளுங்க யாராவது இருந்தா வந்து நில்லுங்க" என்றான் புகைப்படக்காரன்.

தம்பி கதவுப் பக்கம் ஓர் எட்டு வைத்தான். திரும்பிச் சுவர்ப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அக்காவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. அந்த இடத்துக்கு ஓர் எட்டு முன்பே, கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, நின்றுவிட்டான்.

புகைப்படக்காரன் கேமராவில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "சார், ஒரு தோளும் ஒரு செருப்பும் மட்டும் விழுது. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க."

பெரியவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கேமராவையே நேராகப் பார்த்துக்கொண்டு, சின்னவளோடு சேர்ந்து, சுவரோரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.