தம்பிக்குக் கொஞ்சம் நீளமாக

இடது காலுறையை மாட்டும்போது கேர்பனுக்குக் கை ஓடவில்லை. ஃபெம்கேயின் குதிகால் விறைத்துக் கிடந்தது. உடலைக் கழுவ வந்திருந்த அம்மாள், "நான் மாட்டட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தான். பெண்டாட்டிக்கு இனி வேறு என்ன செய்துவிடப் போகிறான்?

சட்டையை இறக்கும்போது வயிற்றைப் பார்த்துவிட்டான். தன் தம்பி யெல்லேவுக்கு அவள் சிறுநீரகம் கொடுக்கச் சம்மதித்தபோது, சின்னச் சின்னப் பொத்தல்கள், அடிவயிற்றில் ஒரு கீறல், அவ்வளவுதான் என்றார்கள். பொத்தல்கள் சொன்னபடியே இருந்தன. அவற்றின் நடுவே நெஞ்சுக்குழியிலிருந்து கீழ்வரை ஒரு பெரிய தையல். நேற்றுச் சாயங்காலம், ரத்தம் உள்ளே கொட்டுகிறதென்று அவசரமாகத் திறந்த இடம்.

கொடுக்க வேண்டாம் என்றுதான் கேர்பன் அப்போதே சொன்னான். அவள் கேட்டால்தானே. "ஒண்ணு போதும்யா எனக்கு. இன்னொண்ணு தண்டத்துக்கு உக்காந்திருக்கு" என்று சிரித்தாள், பாவி.

கதவருகே டாக்டர் போஸ்மா வந்து நின்றார். அறுவை செய்தவர். இரவெல்லாம் தூங்காத முகம்.

"புரியிற மாதிரி சொல்லுங்க டாக்டர். நான் பால் லாரி ஓட்டுறவன்."

"கிட்னிக்குப் போற ரத்தக்குழாய வெட்டுறதுக்கு முன்னால, இவங்க உடம்புப் பக்கம் கிளிப் போட்டு மூடுவோம். கிளிப்புக்கு வெளிய கொஞ்சம் குழாய் மிச்சம் இருக்கணும். இல்லன்னா நழுவிரும்." அவர் நிறுத்தினார். "ஆனா தம்பிக்கு வச்சுத் தைக்க, அந்தப் பக்கமும் குழாய் நீளமா வேணும். அவருக்குக் கொஞ்சம் கூட விட்டேன். இங்க குறைஞ்சு போச்சு. கிளிப் நழுவிருச்சு. நான் வெட்டினதுதான்."

"எவ்வளவு கூட?"

அவர் சுண்டுவிரல் நகத்தின் வெள்ளை ஓரத்தைக் காட்டினார்.

கேர்பன் அதையே பார்த்தான். கத்த வேண்டும் போலிருந்தது.

"அவ கேக் வெட்டுனாலும் அப்படித்தான் வெட்டுவா" என்றான். "தம்பிக்குத்தான் பெரிய துண்டு."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மற்றதைச் சொன்னார். அக்கா இறந்தது தெரிந்ததிலிருந்து யெல்லே மாத்திரை போட மறுக்கிறான். போடாவிட்டால் அவன் உடம்பே அந்தச் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நானா?"

அவனுக்காகப் போனவள் இங்கே கிடக்கிறாள், அவனைக் கெஞ்ச வேறு வேண்டுமா? சாகட்டும் என்றுகூட நினைத்தான். பிறகு சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு எழுந்து போனான்.

யெல்லே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாத்திரைகள் மேசைமேல் அப்படியே இருந்தன.

"கிட்னிய எடுத்துறச் சொல்லுங்க அத்தான். எனக்கு வேண்டாம்."

"எடுத்து? அவளுக்குத் திரும்ப வைக்கச் சொல்றியா?"

"என்னால தாங்க முடியல."

"என்னாலயும்தான் முடியல. உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல எனக்கு." கேர்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உன்னப் பாக்க வரலடா. அவளப் பாக்க வந்தேன்."

யெல்லே திரும்பினான். முகம் முழுக்க ஈரம். கேர்பனே தண்ணீர் டம்ளரைப் பிடித்தான். யெல்லே மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினான்.

டம்ளரை வைக்கக் குனிந்தபோது, கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை கண்ணில் பட்டது. அவள் சிறுநீரகத்திலிருந்து குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கேர்பன் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் பையைத் தாங்கினான். வெதுவெதுப்பாக இருந்தது.

பையைக் காலி செய்ய நர்ஸ் வந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றான்.