மழுங்கிய மூலைகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கருவி மக்கர் செய்தாலும் அவள் தலையில்தான் வந்து விடியும். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஆராய்ச்சி மாணவி வந்து நின்றாள்.

“மருந்து போட்டா நரம்புச் செல்லோட மின்னோட்டம் மெதுவா ஏறுதுன்னு எட்டு மாசமா பதிவு பண்றேன்க்கா. இன்னைக்கு மருந்தே போடல. அப்பவும் மெதுவாத்தான் ஏறுது. போன வருஷம் மருந்து இல்லாம எடுத்ததெல்லாம் நல்லா வேகமா இருக்கு.”

மீட்டரக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது.

செல்லின் துளி மின்னோட்டத்தை முதலில் வாங்கிக்கொள்வது, அதைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப்ளிஃபையரின் முன்பெட்டி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் நுனிக்கருகில், தொடாமல் ஒரு கம்பியை நிறுத்தி முக்கோண அலையை அனுப்பினாள். தொடாமல் தாவும்போது முக்கோணம் சதுரமாகிவிடும்; எல்லாம் சரியாக இருந்தால் திரையில் கத்தியால் வெட்டியதுபோல் சதுர அலை வர வேண்டும். வந்ததோ, தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மூலை மழுங்கிய ஒன்று. வேகமான மாற்றம் எதையும் கருவி பிடிக்கவில்லை.

காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எட்டு மாதம் முன்பு பழைய முன்பெட்டி புகைந்துபோக, மாற்றுப்பெட்டியைப் பொருத்தியவள் அவள்தான். புதுப் பெட்டிக்கேற்ப உள்ளே இருக்கும் திருகைச் சரிசெய்து இதே சோதனையைச் செய்திருக்க வேண்டும். அந்த வாரம் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தது, மூடியபடியே போயிற்று.

இப்போது திருகை அரைச் சுற்று திருப்பினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கை திருப்புளி வரை போயும் விட்டது.

“என் தப்பு” என்றாள். “பெட்டி மாத்தினப்ப சோதிக்காம விட்டுட்டேன்.”

மாணவி திரையில் மழுங்கிய மூலையைத் தொட்டுக் காட்டினாள். “அப்ப மருந்து ஒண்ணுமே பண்ணலையா?”

“தெரியலம்மா. அளந்ததே சரியில்ல.”

“ரெண்டு மாசத்துல ஆய்வேட்டைக் குடுக்கணும்க்கா.”

பேராசிரியரிடம் மீட்டரக்காவே போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை, “எழுதிக் குடுங்க” என்றார், அவ்வளவுதான். கொடுத்தாள்.

திருகைச் சரிசெய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார்கள். மருந்து வேகத்தைக் குறைத்தது நிஜம்தான். ஆனால் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று.

மாணவி சண்டை போடவில்லை, சமாதானமும் ஆகவில்லை. காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்பாள்: “சோதிச்சாச்சா?”

“ஆச்சு.”

“என் கண் முன்னாடி இன்னொரு தடவை பண்ணுங்க.”

மீட்டரக்கா கம்பியை எடுப்பாள்.