அண்ணன் வீட்டு முகவரி

தேர்தல் முடிந்த வாரம், வாக்கு எண்ணப் போன என் அண்ணன் டெல்பர்ட் எங்கள் கட்சியின் வாக்குகளை மறைத்துவிட்டான் என்று வேறு பெயரில் இணையத்தில் எழுதினேன். கோபத்தில் அவன் வீட்டு முகவரியையும் போட்டேன். மூன்றாம் நாள் துப்பாக்கிகளோடு ஆறு பேர் அவன் வாசலில் வந்து நின்றார்கள்.

அவன் மிச்சிகன் மாநிலத்தை விட்டே கிளம்பினான். சாமான் ஏற்ற நானும் போனேன்.

“நாட்டுக்குள்ளயே போர் வருமான்னு டிவியில கேக்கறாங்க. என் வாசலுக்கு வந்தாச்சுடா,” என்றான்.

“முகவரிய எவன் குடுத்தான்னு தெரிஞ்சுதா?”

“தெரியல. சோபாவ அந்தப் பக்கம் பிடி. உனக்கும் இதே குடும்பப் பேருதானே, ஜாக்கிரதையா இரு.”

பிடித்துத் தூக்கினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் போனில் என் நலம் விசாரிக்கிறான். நான் இன்னும் சொல்லவில்லை.