எட்டு என்று மட்டும் சொல்லாதே

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அந்தச் சந்து முழுக்க எண்ணாகிவிட்டது.

சிலி நாட்டின் தால்காவானோ துறைமுகத்துக்கு மேலே, குன்றின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சந்து. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி அரசாங்க வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். ஒரு வீட்டில் வெங்காயம் கருகினால் பக்கத்து வீட்டில் இருமுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அனாயிஸ் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், காலில் சேறு. அரசாங்கத்தின் குடும்ப நலக் கணக்கெடுப்பு.

சம்பளம், சர்க்கரை நோய், குழாய்த் தண்ணீர் என்று எப்போதும் கேட்பவற்றோடு இந்த முறை புதிதாக இரண்டு கேள்விகள் சேர்ந்திருந்தன. உங்களை ஆண் என்று கருதுகிறீர்களா, பெண் என்றா, வேறு விதமாகவா? உங்கள் மனம் யாரை நாடுகிறது? இஷ்டமிருந்தால் சொல்லலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்குமே என்று மேலிடத்தில் யாரோ யோசித்து, ஓர் அட்டை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அட்டையைப் பார்த்து எண்ணை மட்டும் சொன்னால் போதும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் விளங்காது.

நல்ல ஏற்பாடுதான். முதல் பேட்டி உபர்லிந்தா வீட்டில் நடக்காமல் இருந்திருந்தால்.

உபர்லிந்தா முனைக்கடைக்காரி. யார் என்ன வாங்குகிறார்கள் என்பதை வைத்தே யாருக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவாள். அட்டையை ஒரே பார்வையில் விழுங்கி, கடைக்கு வந்தவர்களிடம் ஒப்பித்துவிட்டாள்.

"கேளுங்கடி. ஒண்ணுன்னா நம்மள மாதிரி. பொம்பளைக்கு ஆம்பளை, ஆம்பளைக்குப் பொம்பளை. ரெண்டுன்னா அந்த மாதிரி. மூணுன்னா ரெண்டு பக்கமும். நாலு என்னமோ, எனக்கே புரியல. எட்டுன்னா, 'பதில் சொல்ல மாட்டேன்'னு அர்த்தம்."

"நடுவுல அஞ்சு, ஆறு, ஏழெல்லாம் எங்க போச்சு?"

"அதையெல்லாம் உன் புருஷனுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க!"

கடை அதிர்ந்தது. ரொட்டிக்காக நின்றுகொண்டிருந்த குளோரிந்தாவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றால் அதுவே ஒரு பதில். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் விஷயம் முற்றியது. எலக்ட்ரீஷியன் எலிசேயோ, கல்யாணம் ஆகாத ஆள், அனாயிஸிடம் எட்டு என்று சொல்லிவிட்டான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. சாயந்திரத்துக்குள் சந்தே தீர்ப்பு எழுதிவிட்டது.

"எட்டுன்னா வேற ஒண்ணுமில்ல. தைரியம் இல்லாத ரெண்டு. அவ்வளவுதான்."

அதாவது, தப்பிக்க வைத்திருந்த கதவையும் சந்து பூட்டிவிட்டது.

குளோரிந்தா மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறவள். ஐம்பத்து நாலு வயது. தம்பி பால்தோவின் வீட்டில், பின்பக்க அறையில் குடியிருந்தாள். அதற்கு முன்னால் பதிமூன்று வருஷம் குன்றின் உச்சியில் ஒரு வாடகை வீட்டில் சுனில்டாவோடு இருந்தாள். ஆலையில் கூட வேலை பார்க்கிறவள், வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறோம் என்றுதான் உறவுக்காரர்களுக்குச் சொன்னது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, குளிர்காலத்தில் ஒரே கம்பளி. அதை யாருக்கும் சொல்லவில்லை.

போன வருஷக் குளிரில் சுனில்டாவின் நெஞ்சு அடைத்துப்போனது. சில்யான் ஊரிலிருந்து அவள் வீட்டார் வந்து உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுனில்டாவின் அக்கா தங்கைகளைக் கட்டிப்பிடித்து எல்லோரும் அழுதார்கள். குளோரிந்தாவிடம், "தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். விருந்தாளிக்குச் சொல்வது போல.

அதற்குப் பிறகு தனியாக வாடகை கட்ட முடியவில்லை. பால்தோ அறை கொடுத்தான். வீடு அவன் மனைவி யாஸ்னாவின் பெயரில். யாஸ்னா கெட்டவள் இல்லை. சோறு போடுவாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைப்பாள். ஆனால் எலிசேயோ விஷயம் தெரிந்த அன்று, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்:

"நம்ம வீட்ல அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா, அன்னிக்கே மூட்டைய வாசல்ல வெச்சிருவேன். எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு."

பால்தோ தலையை நிமிர்த்தவில்லை. குளோரிந்தா உரித்த தோலையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டாள். அந்த வீட்டுக்குக் கேள்வி வந்தால் ஒன்று என்று சொல்லிவிடுவது என அப்போதே முடிவு செய்துகொண்டாள். ஒரு எண்தானே? அரசாங்கத்துக்கு என்ன தெரியப்போகிறது?

வியாழக்கிழமை சாயந்திரம் கதவு தட்டப்பட்டது.

அனாயிஸ் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டாள். யாரிடம் கேட்பது என்பதை டேப்லெட்டே தேர்ந்தெடுக்கும். அது ஒரு நொடி யோசித்தது.

"குளோரிந்தா அம்மா யாரு?"

யாஸ்னா கைதட்டினாள். "பாருங்க, எங்க நாத்தனாருக்குத்தான் லாட்டரி!"

"இவங்களோட தனியா உக்காந்து பேசணும். உள்ள ரூம் எதாவது..."

"தனியாவா? ஒன்சே டீ நேரத்துல வீட்டுக்கு வந்த பொண்ணை உள் ரூம்ல உக்கார வெக்கிறதா? நல்லா இருக்கே கதை! ரொட்டி சூடா இருக்கு. தடவிக்க பால்தாப் பழம் மசிச்சு வெச்சிருக்கேன். உக்காரும்மா. எங்க வீட்ல ரகசியமே கிடையாது."

சாயந்திரத் தேநீர் மேசையிலிருந்து எழுந்துபோவது அந்த ஊரில் முகத்தில் அறைவதற்குச் சமம். அனாயிஸுக்கும் அது தெரியும், அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். உட்கார்ந்தாள். எதிரே குளோரிந்தா. வலப்பக்கம் பால்தோ. இடப்பக்கம் யாஸ்னா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு.

வேலை, சம்பளம், முதுகுவலி. கேள்விகள் சல்லென்று ஓடின. பல் டாக்டரிடம் கடைசியாக எப்போது போனாள் என்று கேட்டதற்கு யாஸ்னா குறுக்கே விழுந்து, "எங்க போறா? கொறடு வெச்சு அவளே பிடுங்கிப்பா" என்றாள். அனாயிஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

பிறகு அந்த அட்டை வெளியே வந்தது.

"அடுத்த ரெண்டு கேள்விக்கும் நம்பர் மட்டும் சொன்னாப் போதும். இஷ்டம் இல்லன்னா..."

"தெரியும் தெரியும்" என்றாள் யாஸ்னா. "ஒண்ணுன்னு சொல்லிட்டு டீயக் குடி, குளோரி. எட்டுன்னு மட்டும் சொல்லித் தொலைக்காத. எலிசேயோ கதையாயிடும். சந்தே சிரிக்கும்."

அனாயிஸின் விரல் டேப்லெட் மேல் அப்படியே நின்றது. முகம் வெளுத்துவிட்டது. வீடு வீடாக ஒரே அட்டையை நீட்டிக்கொண்டு வந்தது, இந்தச் சந்தில் பலகைச் சுவர் என்று தெரிந்தும் கேட்டது, எல்லாம் ஒரே சமயத்தில் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி சுலபம். "பொம்பளைதான்" என்றாள் குளோரிந்தா.

இரண்டாவது.

அட்டையில் முதல் வரியிலேயே இருந்தது ஒன்று. ஓர் எழுத்துக்கூட அதிகம் வேண்டாம். சொல்லிவிட்டால் ரொட்டி, டீ, பின்பக்க அறை, எல்லாம் அப்படியே இருக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

சில்யானில் கொடுத்த அந்தக் காபி தொண்டையில் நின்றது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சுனில்டாவைக் கூட்டிப்போன நர்ஸ் கேட்கவில்லை. வாடகை வாங்கிய வீட்டுச் சொந்தக்காரன் கேட்கவில்லை. இப்போது எதிரில் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு, ஓர் அரசாங்கமே குனிந்து கேட்கிற மாதிரி கேட்கிறாள். ஒன்று என்று சொன்னால், சுனில்டாவை இந்த முறை சில்யான்காரர்கள் அல்ல, அவளே கொண்டுபோய்ப் புதைத்த மாதிரி.

"நான் இந்தக் கேள்விய விட்டுடறேன்மா" என்றாள் அனாயிஸ் அவசரமாக. "பரவால்ல. தாண்டிடலாம்."

"தாண்டினா உள்ள என்னன்னு விழும்?"

அனாயிஸ் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு."

"பதில் சொல்ல விரும்பலைன்னு."

"அப்ப எட்டு."

யாஸ்னா கப்பை மெல்லக் கீழே வைத்தாள். அவள் பார்வை குளோரிந்தாவின் முகத்தில் எதையோ தேட ஆரம்பித்திருந்தது.

குளோரிந்தா அட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"நம்பர் வேண்டாம். வாயாலயே சொல்றேன். நான் ஒரு பொம்பளையோட வாழ்ந்தவ. அவ பேரு சுனில்டா. வாடகைக்குக் கூட இருந்தவ இல்ல. நீ எதுல வேணாலும் போட்டுக்கோ."

பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தம் திடீரென்று குறைந்தது.

அனாயிஸ் ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். "நன்றிம்மா" என்றாள். கணக்கெடுப்பு அதோடு நிற்காது, நிறுத்தவும் அவளுக்கு அதிகாரம் கிடையாது. அடுத்த கேள்வியைப் படித்தாள்.

"போன மாசம் உங்க வீட்ல தண்ணி நின்னுபோச்சா?"

"ரெண்டு தடவை" என்றாள் குளோரிந்தா.

யாஸ்னா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது.

பேட்டி முடிந்தது. வாசலில் அனாயிஸ் குளோரிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேரு எங்கயும் வெளிய போகாதும்மா. மொத்தம் எத்தனை பேருங்கற கணக்கு மட்டும்தான். சத்தியமா."

குளோரிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "இனிமே அது போறதுக்கு எடம் ஏதும்மா பாக்கி? நீ போ. இருட்டறதுக்குள்ள அடுத்த வீட்டப் பாரு."

அந்தப் பெண் போய்விட்டாள். போகத்தான் வேண்டும். கேட்பதற்கு வந்தவள், கூட இருப்பதற்கு வந்தவள் இல்லை.

மேசையில் பால்தோ மட்டும் உட்கார்ந்திருந்தான். ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்திருந்தான், ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"சில்யான்ல. உனக்குத் துணையா வந்தேனே, குழிக்குள்ள எறக்கறப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"என்ன பண்ணச் சொல்ற? கேட்டா நீ சொல்லிடுவ. சொல்லிட்டா நான் யாஸ்னாவுக்குப் பதில் சொல்லணும்." அவன் குரல் தாழ்ந்தது. "இந்தச் சனியன் பிடிச்ச அரசாங்கத்துக்கிட்டப் போயி எதுக்குச் சொன்ன? அவங்க என்ன, உனக்கு வீடு கட்டிக் குடுக்கப்போறாங்களா?"

"இல்லடா."

"அப்புறம்?"

"அவங்க கேட்டாங்க."

பால்தோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அக்காவின் தோளைத் தொடக் கையைத் தூக்கினான். சமையலறையில் குழாய் நின்றது. கை இறங்கிவிட்டது.

யாஸ்னா கதவோரம் வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோ, குளோரி. அதுக்குள்ள எடம் பாத்துக்கோ. என்னால இவ்வளவுதான் முடியும்."

"சரி" என்றாள் குளோரிந்தா. கப்புகளை எடுத்தாள். "நான் கழுவிக்கிறேன்" என்று யாஸ்னா வாங்கிக்கொண்டாள். நேற்றுவரை அவற்றைக் கழுவியது குளோரிந்தாதான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, ஆலை வண்டிக்காகச் சந்து முனையில் பெண்கள் நின்றிருந்தார்கள். குளோரிந்தா வந்ததும் பேச்சு நின்றது. யாரும் எண் சொல்லிக் கேலி செய்யவில்லை. உபர்லிந்தாகூடக் கடை ஷட்டரைத் தூக்குவதில் மும்முரமாக இருந்தாள். ஒளித்தால்தான் அவர்களுக்கு விளையாட்டு. வெளியே வைத்துவிட்ட ஒன்றை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சந்துக்குத் தெரியவில்லை. எலிசேயோ தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்து போனான், இந்தப் பக்கம் பார்க்காமல்.

வண்டியில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் பின்னால் போனார்கள். ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. குளோரிந்தா சாப்பாட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கீழே ரவுண்டானா நிறுத்தத்தில் வேறு பேட்டைப் பெண் ஒருத்தி ஏறினாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். ரப்பர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இங்க யாராவது இருக்காங்களாக்கா?"

குளோரிந்தா அந்த வெற்று இருக்கையைப் பார்த்தாள்.

"ஒருத்தி இருந்தா" என்றாள். "நீ உக்காரு."