ஒற்றைப் பூனைக்காரி

எங்கள் வீட்டுப் பூனைக்கு மேக் என்று பெயர். மேகம் என்று அர்த்தம். உடம்பு முழுக்க மழைக்கு முந்தைய வானத்தின் நிறம், மயிர் நுனியில் மட்டும் வெள்ளி. கண் இரண்டும் இளம் நெற்பயிரின் பச்சை. அந்தப் பச்சை லேசில் வராது. பிறக்கும்போது நீலமாக இருக்கும், பிறகு மஞ்சளாகும், மூன்று நான்கு வருடம் காத்திருந்தால்தான் பச்சையாகும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பூனை சரிப்படாது. எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் வளர்க்கிறேன்.

என் பெயர் லமுன். மென்மையானவள் என்று பொருள். வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். தாய்லாந்தில் பிமாய்க்குப் பக்கத்தில் அரிசி நூடுல்ஸ் செய்து பிழைக்கிறேன். அரைத்த மாவை ஆவியில் ஏடு ஏடாக வேகவைத்து, மூங்கில் தட்டிகளில் பரப்பி, வெயிலில் காயவைத்து நறுக்குவேன். தட்டியின் நிழலில் மேக் படுத்திருப்பாள். அவளுக்குச் சீப்பு, சோப்பு எதுவும் வேண்டாம். அவித்த கானாங்கெளுத்தியைப் பிசைந்த சோறும், ஒரு நாளைக்கு நாலு தடவை முதுகைத் தடவ ஒரு கையும் போதும். சத்தம் மட்டும் ஆகாது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவாள்.

மேக் மாதிரியான இந்தச் சீ சவாத் ஜாதிப் பூனையை எங்கள் பக்கத்தில் யாரும் விற்க மாட்டார்கள். கொடுப்பார்கள், அவ்வளவுதான். பெண் கல்யாணமாகிப் போகும்போது ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியைத் தாய்வீட்டில் கொடுத்தனுப்புவார்கள். நான் வந்தபோதும் கொடுத்தார்கள். பாதி வழியில் வண்டி குலுங்கியதில் ஆண் பூனை கூடையைத் தள்ளிக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டது. என் மாமியார் வாசலிலேயே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒத்தைப் பூனைக்காரி வந்திருக்கா" என்றாள். அவள் கண்ணை மூடும் வரைக்கும் அந்த வீட்டில் அதுதான் என் பெயர். சோறு குழைந்தாலும் ஒற்றைப் பூனைக்காரி, ஒரே ஒரு மகளோடு என் வயிறு நின்றுபோனாலும் ஒற்றைப் பூனைக்காரி. என் வீட்டுக்காரர் சவேங்கைக் கேட்டால், அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்பார். விளையாட்டாம். நான் ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை.

ஆகவே மகள் பிக்குனுக்கு எங்கள் ஊர்ப் புன்மா அக்காவின் மகனைப் பேசி முடித்து, கல்யாணத்தை மழைக்காலத்துப் புத்த தவக்காலம் முடிந்தபின் வைத்துக்கொள்வது என்று ஆனதுமே நான் ஒன்றை முடிவு செய்தேன். என் மகள் ஜோடியோடுதான் போவாள். அந்த ஒற்றைப் பூனையின் வம்சத்தில் மிஞ்சியிருப்பவள் மேக் மட்டும்தான். சுத்துப்பட்டு ஊர்களில் பெண் சீ சவாத் வேறு கிடையாது, எல்லாம் தெருப் பூனைகளோடு கலந்துவிட்டன. அவளுக்கு மாப்பிள்ளையாக ஒரு மடத்துத் துறவியிடம் கெஞ்சி மூ என்ற சீ சவாத் கடுவனை வாங்கி வந்தேன். மூ என்றால் பன்றி. பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். ஆனி மாதம் மேக்கின் வயிறு உருண்டது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. குட்டி வருகிறது என்று சம்பந்தியிடம் தம்பட்டம் அடித்து, கடைசியில் ஒன்றே ஒன்று வந்தால் என் கதைதானே என் மகளுக்கும்?

அந்த வருடம் நாற்று நட்ட பிறகு வானம் எங்களை மறந்துவிட்டது. வயல் வெடித்தது. பூனை ஊர்வலம் விட வேண்டும் என்று ஊர் கூடிப் பேசியது. பெண் பூனையைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப் போவார்கள், வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவார்கள், அது கத்தினால் வானத்துக்குக் கேட்கும். மேக நிறத்துப் பெண் பூனைதான் வேண்டும். பாட்டுக்குத் தலைமை என் சம்பந்தி புன்மா அக்கா. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை, நாக்குக்குச் சாணைக்கல்லும் தேவையில்லை. நேரே என் தட்டிகளுக்கு நடுவில் வந்து நின்று பூனையைக் கேட்டாள். நான் முடியாது என்றேன்.

"ஏன் முடியாது? உனக்கு வெயில் அடிச்சா போதும், மாவு காயும். எங்க நாத்து கருகறதப் பத்தி உனக்கென்ன?"

"அப்படியில்லக்கா. அதுக்குச் சத்தம்னா ஆகாது."

"எனக்குந்தான் ஆகாது. நான் பாடலியா? நாளைக்குக் கல்யாணப் பந்தியில சோத்துக்குப் பதிலா உன் வெயிலையா போடப்போற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காரணத்தைச் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஜோடிக்கு வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்குக் கூடையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கூடையில் மூவை வைத்தேன். பூனை வெயிலைப் பார்த்தால் மிரளும் என்று சாக்குச் சொல்லி, மேலே தடித்த துணியைக் கட்டினேன். சவேங் பார்த்துக்கொண்டே இருந்தார். மாட்டிக்கொண்டால் தனக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான்.

ஊர்வலம் கிளம்பியது. மேளம், தாளம், பானை பானையாகத் தண்ணீர், நடுநடுவே அரிசிச் சாராயம். கூடையைக் கம்பில் கோத்துத் தூக்கிய இரண்டு இளவட்டங்களும், பூனையம்மா என்ன தின்கிறாள், முதுகு போகிறதே என்று முனகினார்கள். முழங்காலுக்கு மேல் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிழவிகள் ஆடினார்கள். புன்மா அக்கா பூனைத் தாயே, பூங்கொடியே என்று பாடப் பாட, எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. பூங்கொடி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தான். மாடு கத்துகிற மாதிரி இருந்தது. மழை நிச்சயம் என்று கூட்டம் கை தட்டியது.

கடைசி வீட்டில்தான் வினை. புன்மா அக்காவுக்குப் பக்தி பொங்கி, பூனைத் தாய்க்கு வாசனைப் பொடி பூசியே தீருவேன் என்று துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். நனைந்த கோபத்தில் மூ வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றான். அவள் பார்த்தாள். அவளோடு நானும் பார்த்தேன். ஒரு நொடி பாட்டு நின்றது. ஊரையும் வானத்தையும் ஏமாற்றியவளின் மகளை யார் கட்டுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் துணியை இழுத்து முடிந்தாள். "தாயி களைச்சுப்போயிட்டா. ஊத்துங்கடி இன்னும் நாலு பானை" என்று முன்னைவிட உரக்கப் பாட ஆரம்பித்தாள்.

ஊர்வலம் கலைந்ததும் ஈரத் துணியோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கிட்டப் பொய் சொன்ன, போகட்டும். ஊரே தண்ணியில்லாம கெடக்கையில ஏண்டி இப்படிப் பண்ணின? சம்பந்தியாச்சேன்னு மூடி வச்சேன். உன் மானம் போனா எம் மகன் மானமும் போகுமே."

அவள் கையைப் பிடித்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனேன். பழைய துணி போட்ட மரப்பெட்டியில் மேக் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அவளுக்கு வலி கண்டிருந்தது போல. நான் மேளத்தின் பின்னால் ஆடிக்கொண்டிருந்தேன். புன்மா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். அந்தக் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. வாடி கண்ணு, வா, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு குட்டி வந்தது. ஈர எலி போல இருந்தது, ஆனால் முழுசாக, சாம்பலும் வெள்ளியுமாக, ஒரு குறையும் இல்லாமல். மேக் நக்கிச் சுத்தம் செய்து மடியில் சேர்த்துக்கொண்டாள். பெண் குட்டி. நாங்கள் அடுத்ததற்குக் காத்திருந்தோம். தேநீர் குடித்தோம், சவேங் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பிக்குன் விளக்கைப் போட்டாள். மேக்கின் வயிறு தளர்ந்து, அவள் நிம்மதியாகத் தூங்கியே போனாள். அடுத்தது என்று ஒன்று இல்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரையும் கரும்புக் காட்டையும் அந்தப் பெயரையும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். சம்பந்தியிடம் சொல்லக் கூடாதது எதுவோ அதையெல்லாம் சொன்னேன். புன்மா அக்கா கேட்டுக்கொண்டே குட்டியின் முதுகை ஒரு விரலால் தடவினாள். எழுந்து துணியை உதறிக்கொண்டு, மேக்குக்கு மீன் குழம்பு வேண்டாம், வெறும் மீனாகப் போடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

அந்த வாரக் கடைசியில் மழை வந்தது. வந்ததா, கொட்டியது. தட்டியில் இருந்த மாவு ஏடுகள் எல்லாம் கூழாகித் தெருவில் ஓடின. நான் நடுவில் நின்று சிரித்தேன், பைத்தியம் என்று சவேங் சொன்னார். ஊரே மேக்கைப் புகழ்ந்தது. புன்மா அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து என் காதில், "ஆம்பளப் பூனைக்கும் மழை வருதுடி, வெளிய சொல்லித் தொலைக்காத" என்றாள்.

ஆனாலும் ஜோடி ஜோடிதானே. நாலு மாதமும் நான் அலைந்தேன். மடத்தில் கேட்டேன், பிமாயில் கேட்டேன், ரயிலேறிப் போயும் கேட்டேன். மூவையே கொடுத்துவிடலாம் என்று சவேங் சொன்னார். தகப்பனையும் மகளையும் ஜோடி என்று அனுப்புகிற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை. குட்டி வளர்ந்து, கண் நீலம் போய் மஞ்சளாகி, காய்கிற மாவின் மேலெல்லாம் கால் பதித்து நடந்தது. கல்யாணம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தார்கள், மணிக்கட்டில் நூல் கட்டினார்கள், சாப்பிட்டார்கள். பிக்குன் கிளம்பும்போது கூடையை அவள் கையில் கொடுத்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, வாயில் வெற்றிலையோடு, மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன, ஒண்ணே ஒண்ணுதானா?"

பிக்குன் தலையைக் குனிந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அப்போது புன்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்த மூடியை வாங்கி மூடினாள்.

"ஒண்ணுதான். பொறந்தப்ப நான் என் கையால தடவிக்கொடுத்த குட்டி அது, ஊருலயே இதுக்கு இணை இல்ல. நாம வந்தது பொண்ணக் கூட்டிட்டுப் போக. பூனைய எண்ணிப் பாக்கறவங்க எம் வீட்டு வாசப்படி ஏற வேண்டாம், இப்பவே சொல்லிட்டேன்."

பெரியம்மா வெற்றிலையை விழுங்கிவிட்டாள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், பிக்குன்தான் அதிகம் சிரித்தாள். நான் ஓவென்று அழுதேன், சந்தோஷத்தில்தான். நான் கூடையோடு வாசலில் நின்ற அன்றைக்கு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு யாருமில்லை. என் மகளுக்கு இருக்கிறாள்.